பேயும் பீடமும்: பொருநைக் கரைக் கதைகள் பற்றிய ஓர் ஆய்வு

பேய் என்னும் சொல்லும் பேய் பற்றிய நம்பிக்கையும் தமிழில் மிகப் பழையன. கழுது, கூளி, அலகை, சூர், அணங்கு எனப் பல பெயர்கள் நம் நூல்களில் பயில வழங்குகின்றன. அவற்றைத் தொகுத்தும் வகுத்தும் ஆராய்ந்தோர் பலர். ஆயின், நூலகத்தை விட்டு வெளியே வந்து, ஓர் ஊரார் எந்த மரத்தடியைக் காட்டி அஞ்சுகின்றனர், ஆற்றின் எந்தக் கசத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்துகின்றனர், ஏன் அவ்விடத்தை மட்டும் அவ்வாறு ஒதுக்குகின்றனர் என வினவியோர் சிலரே. பேய்க்கதை கிழவியர் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் கற்றோரிடத்து வேரூன்றி நிற்பதே அதற்குக் காரணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைப் பொருநையாற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஏரலையும் அதன் சுற்றுப்புறத்தையும் நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வோம்.

யாம் நிறுவ விழைவது ஒன்றே. இந்நிலப்பகுதியில் பேய்க்கதை என்பது பெரும்பாலும் தீர்க்கப்படாத ஒரு வழக்கின் வரலாறு ஆகும். பேய்க்குப் பீடம் இட்டுக் கொடை கொடுத்தல், அவ்வழக்கில் ஊரார் தம்மேல் தாமே எழுதிக்கொண்ட தீர்ப்பு ஆகும்.

முதலில் நிலத்தை நோக்குவோம். ஏரல் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ளது. அதன் அருகே பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை உள்ளது. ஒருபால் சிவகளையின் தாழிக்காடு. ஆற்றின் மேற்போக்கில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 1876-இல் யாகோர் என்னும் செருமானிய அறிஞர் தோண்டிப் பார்த்த காலம் முதல், அலெக்சாந்தர் ரீ நிகழ்த்திய அகழாய்வு ஊடாக, நம் காலம் வரை அப்பரம்பு இறந்தோரையே வெளிக்கொணர்ந்து வருகின்றது. சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் மூவாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. ஏர் ஓட்டுவோன் கொழுமுனையில் தாழியின் விளிம்பு தட்டுப்படும் நாட்டில் இறந்தோர் நெடுந்தொலைவில் இல்லை. எனினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும்: இத்தனை தாழிகள் நிறைந்த பரம்புகளே பேய்க்கதைகளுக்கு முதன்மை நிலைக்களன் ஆகவில்லை. முறையாக ஈமக்கடன் பெற்றுத் தாழியில் அடங்கியோர் பேயாவதில்லை என்பது மக்கள் கருத்துப்போலும். அச்சம் வேறிடத்தில் உள்ளது.

அவ்விடங்கள் யாவை? தூக்கிட்டுக்கொண்டோர் தொங்கிய புளியமரம். ஒருவர் மூழ்கி இறந்த கசம். வெட்டுண்டோர் விழுந்த வழித்தடம். பனையேறி கால் தவறி வீழ்ந்த விளை. பிள்ளைப்பேற்றில் இறந்தாளை எடுத்துச் சென்ற பாதை. பொழுதும் குறிக்கத்தக்கது. ஆங்கிலேயர் பேய்க்கு நள்ளிரவே உரியது. நம் பேய்க்கோ நள்ளிரவுடன் உச்சிப்பொழுதும் உரியதாம். கோடையில் ஆற்றங்கரை வெறிச்சோடி மணல் கொதிக்கும் நண்பகலில் பிள்ளைகளைத் தனியே அனுப்பாத வழக்கம் இக்கரையில் பரவலாக உண்டு. வெயிலால் வரும் மயக்கமும், துணையற்ற ஆற்றில் மூழ்கும் இடரும் அவ்வழக்கத்திற்குப் பின்னே நிற்றல் கூடும். ஆயின் அது காரணத்தின் ஒரு பகுதியே. வெயில் எல்லாக் கசத்திற்கும் பொதுவாயிருக்க, ஒரு கசத்திற்கு மட்டும் பெயர் இருக்கின்றதே. அப்பெயர் இறந்த ஒருவர் பெயராக இருக்கின்றதே. அதற்கு வெயில் விடை கூறாது.

இவ்வாறு காலமல்லாக் காலத்தில், முறையல்லா முறையில் இறந்தோரை இப்பகுதியார் ‘வாதை’ என்பர். வாதிப்பது வாதை. நோய், கனவு, கருச்சிதைவு, கால்நடைச் சாவு ஆகியவற்றால் அது தன் இருப்பை அறிவிக்கும். அதன் பின்னர்க் குறிகேட்டல் நிகழும். இறந்தது யார், என்ன வேண்டுகிறது எனத் தெளிவர். பின் பீடம் எழும். மண்ணாலும் செங்கல்லாலும் மேல்நோக்கிக் குறுகி எழுப்பிச் சுண்ணம் பூசிய அத்தூண்களைப் பொருநைக் கரையில் காணாத ஊர் அரிது. ஆண்டுதோறும் அதற்குக் கொடை நிகழும். கொடையில் வில்லுப்பாட்டு இடம்பெறும். வில்லும் உடுக்கையும் குடமும் தாளமும் கட்டையும் கூடி ஒலிக்க, அத்தெய்வத்தின் கதை பாடப்படும்.

வில்லுப்பாட்டுக் கதைத் தெய்வங்களை இருவகையாகப் பகுப்பது ஆய்வாளர் வழக்கு. கயிலையில் தோன்றி மண்ணுக்கு வந்தோர் ஒருவகை. மண்ணில் பிறந்து கொலையுண்டோ தம்முயிர் தாமே மாய்த்தோ தெய்வமானோர் மற்றொருவகை. சுடுகாட்டுக்குரிய சுடலைமாடன் முன்வகையினன். சிற்றாறு பொருநையோடு கூடும் சீவலப்பேரியில் அவனுக்குப் புகழ்பெற்ற கோயில் உண்டு. அவன் இறந்தவன் அல்லன், இறந்தோரை ஆள்பவன். வாதைகள் பின்வகையின. இவ்வில்லுப்பாட்டுகளைக் களத்திலிருந்து ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட சுடூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர், இறப்பு நிகழ்ச்சியைப் பாடும் பகுதியே சடங்கின் உயிர்நிலை எனக் காட்டியுள்ளார். சாமியாடிக்கு அருள் வருவது அவ்விடத்திலேயே. நாம் கருத வேண்டியது யாதெனில், தெய்வத்தின் வெற்றியைப் பாடும்போது அன்று, அது கொலையுண்டதைப் பாடும்போதே அது வருகின்றது. எந்த நிகழ்ச்சியை ஊரார் மறக்க விரும்பியிருத்தல் கூடுமோ, அதனையே ஆண்டுதோறும் ஊர் நடுவே உரத்துப் பாடுவிக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

இஃது நடுகல் வழிபாட்டின் தொடர்ச்சியே எனக் கூறி அமைவோர் உளர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் துறைகளை எடுத்துக்காட்டி, மாடன் பீடத்தையும் அதன்கண் அடக்குவர். புற உருவில் ஒப்புமை உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் உள்ளம் வேறு. நடுகல், ஊருக்காக உயிர் கொடுத்தானுக்கு ஊர் காட்டும் நன்றி. பீடமோ, பெரும்பாலும் ஊரால் உயிர் இழந்தானுக்கு ஊர் கட்டும் கடன். முன்னதைப் பெருமையோடு நட்டனர். பின்னதை அஞ்சி எழுப்பினர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர், குற்றவாளியையும் நன்றியுடையானையும் ஒருவனெனக் கொள்கின்றனர் என்பது எம் கருத்து.

இவ்வேறுபாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதற்கு மிகத் தொன்மையான சான்று ஏரலின் அண்மையிலுள்ள கொற்கையோடு தொடர்புடையதாய் இருப்பது வியக்கத்தக்கது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுவதை நினைவு கூர்க. கோவலன் கொலையுண்டு மதுரை எரியுண்ட பின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது; வறுமையும் வெப்புநோயும் தொடர்ந்தன; கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழவொடு சாந்தி செய்தான்; மழை பெய்தது. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்தது நடுகல் முறை. அதில் பெருமிதம் உண்டு. கொற்கைச் செழியன் செய்ததோ வேறு. நோய் வந்தது, காரணம் தேடினர், அநீதியாய் நேர்ந்த ஒரு சாவைக் கண்டனர், அரசு தன் குற்றத்தை ஏற்றுச் சாந்தி செய்தது. வாதை வழிபாட்டின் கூறுகள் அனைத்தும் அச்சிறு உரைநடைப் பகுதியில் அடங்கியுள்ளன. ஒரே பெண்ணுக்குச் சேரநாட்டில் நடுகல்லும் பாண்டிநாட்டில் சாந்தியும் அமைந்தன. நன்றி அங்கே, குற்றம் இங்கே. இடையே ஒன்று சொல்லாமல் செல்லல் இயலவில்லை: ஒருவன் செய்த களவுக்கு ஆயிரவர் பலியாயினர். அவ்வாயிரவர்க்கு எவரும் பீடம் எழுப்பியதாக நூல் கூறவில்லை.

இனி இசக்கியின் கதைக்கு வருவோம். கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியின் உருவம் திருநெல்வேலி முதல் குமரி வரை காணப்படுவது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் அவள் தலைமை இருக்கை. இயக்கி என்னும் சொல்லே இசக்கி ஆயிற்று என்றும், கழுகுமலைச் சிற்பத்தில் நாம் காணும் அம்பிகா போன்ற சமண இயக்கியர் வழிபாட்டின் எச்சமே இது என்றும் அறிஞர் கூறுவர். சொல் வரலாறு ஏற்கத்தக்கதே. ஆயின் கொடையில் பாடப்படும் கதை அதுவன்று, நீலி கதையாகும். வஞ்சகமாய்க் கொலையுண்ட பெண் மறுபிறப்பில் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, கொன்றவனாகிய வணிகனைத் தொடர்கிறாள். ‘இவன் என் கணவன்’ என மன்றத்தில் முறையிடுகிறாள். பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பி அவனை அவளோடு ஓர் அறையில் விடுத்துப் பிணை நிற்கின்றனர். அவன் மாள, சொல் தவறாது தீப்பாய்ந்து மாள்கின்றனர். தொண்டை நாட்டில் இக்கதை வேளாளர் வாய்மைக்குச் சான்றாக நினைக்கப்படுகின்றது. தெற்கே வந்ததும் கதையின் நடு மாறிவிடுகின்றது: எழுபதின்மர் பின்னே செல்ல, கொலையுண்ட பெண் முன்னே வருகின்றாள், தெய்வம் ஆகின்றாள். கதை ஒன்றே, எவருக்குப் பீடம் இடுகின்றனர் என்பதில் நாட்டின் மனம் தெரிகின்றது. பேய் வழக்காடுமிடம் ஊர் மன்றமாயிருத்தலும் கருதற்பாலது. நீதி கேட்டு மன்றேறும் பேய் இது.

பொருநையின் தலைப்பகுதியில், காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில், பட்டவராயன் என வழிபடப்பெறும் முத்துப்பட்டன் கதை இன்னும் தெளிவானது. அந்தணனாகிய அவன், செருப்புத் தைக்கும் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரை விரும்பி, பூணூலையும் குடுமியையும் துறந்து, அத்தொழிலையே மேற்கொண்டு மணந்தான். மாமனின் ஆநிரையைக் கவர வந்தோரோடு பொருது வஞ்சத்தால் மாண்டான். பெண்டிர் உடன்கட்டை ஏறினர். ஆநிரை காத்து மாண்டமையால் இவன் கரந்தை வீரன், நடுகல்லுக்கு உரியவன். குல வரம்பு கடந்தமையால் ஊரின் அச்சத்திற்கும் உரியவன். இருவகையும் கலந்த நிலை இது. நேர்ந்துகொண்டோர் அவன் முன் இன்றும் தோற்செருப்புகளைக் காணிக்கையாக இடுகின்றனர். இக்கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே, செருப்புத் தைப்போர் எடுத்து வளர்த்தனர் என மாற்றிப் பாடும் பாடமும் உண்டு. அம்மாற்றம் கதையின் முள்ளைப் பிடுங்கிவிடுகின்றது. பாட்டை மாற்ற முடிந்தது. செருப்பை மாற்ற முடியவில்லை. சடங்குப் பொருள் பாடலினும் உண்மையான ஆவணமாதல் இங்ஙனமே.

இத்துணையும் கூறியபின் ஆங்கில நாட்டை ஒருசிறிது நோக்குதல் பயன் தரும். ஏனெனில் இடம்சார்ந்த பேய்க்கதைகளை முறையாகத் திரட்டியோர் அந்நாட்டார். 1878-இலேயே இலண்டனில் நாட்டுப்புறவியற் கழகம் நிறுவினர். அவர்தம் சிற்றூர்களிலும் பாழ்மனைகளிலும் பேயில்லாத இடம் அரிது. சபோக் நாட்டுப் பங்கே என்னும் ஊர்த் தேவாலயத்துள் 1577 ஆகத்துத் திங்களில் இடியும் புயலும் எழுந்தபோது கரிய நாய் வடிவில் ஒரு பேய் பாய்ந்ததெனக் கூறும் சிறுநூல் அக்காலத்திலேயே அச்சாயிற்று. நமக்கு நெருங்கியது வேறொன்று. டெவன் நாட்டு டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பாதையோரம் ‘சேயின் கல்லறை’ என ஒன்று உள்ளது. பண்ணையொன்றில் வேலைக்கு வந்த ஆதரவற்ற பெண், ஏமாற்றப்பட்டுத் தூக்கிட்டு இறந்தாள். தற்கொலையாதலின் திருச்சபை நிலத்தில் இடமின்றி வழிச்சந்தியில் புதைக்கப்பட்டாள் என்பது கதை. இவ்வாறு வழிச்சந்தியில் புதைக்கும் வழக்கத்தை 1823-இல் தான் ஆங்கிலச் சட்டம் நீக்கிற்று. அக்கல்லறைமேல் யாரோ மலர் வைத்த வண்ணம் உள்ளனர்; வைப்பவரை எவரும் காண்பதில்லை என்பர்.

அதே பெண் பொருநைக் கரையில் இறந்திருப்பின் இசக்கியாகியிருப்பாள். ஆங்கு ஆகாமை ஏன்? பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்பின் இறந்தோர்க்காக வேண்டும் வழிபாடு இங்கிலாந்தில் விலக்கப்பட்டது. அதற்கென அமைந்த அறக்கட்டளைகளை 1547-ஆம் ஆண்டுச் சட்டம் கலைத்தது. இறந்தோர் வானுலகிலோ நரகிலோ உளர், இடைநிலை இல்லை, ஆதலின் தோன்றுவது சாத்தானின் மாயமேயன்றி இறந்தவர் அல்லர் எனப் போதித்தனர். கீத் தாமசு 1971-இல் வெளியிட்ட பெருநூலில் இம்மாற்றத்தை விரிவாகக் காட்டியுள்ளார். மக்கள் பேயைக் காண்பதை நிறுத்தவில்லை. ஆயின் கண்டபின் அதற்குச் செய்வதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே ஆங்கிலப் பேய் அதே படிக்கட்டில் நூற்றாண்டுதோறும் இறங்கிக்கொண்டே உள்ளது. அதற்கு உண்ணக் கொடுப்போர் இல்லை. மலர் வைப்போரும் மறைந்து வைக்கின்றனர்.

இவ்விரு முறைகளும் நேரே எதிர்ப்பட்ட நிகழ்ச்சி ஒன்று நம் பகுதியிலேயே உண்டு. 1809-இல் ஆரல்வாய்மொழி அரண்களைக் கைப்பற்றும் போரில் போல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி படுகாயமுற்று இறந்தார். போர்க்களத்தினின்று 25 கல் தொலைவில் மணற்காட்டில் புதைக்கப்பட்டார். பிற்காலத்தில் மக்கள் அவர் கல்லறைக்குச் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டமையைக் கால்டுவெல் எழுதி வைத்துள்ளார். அதனை நகையாடி எடுத்துரைத்த ஆங்கில நூல்கள் பல. நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. சுடலைக்கும் படைப்பு சாராயமும் சுருட்டுமே. அவர் உயிரோடிருந்தபோது விரும்பியனவும் அவையே என மக்கள் கண்டிருந்தனர். சுற்றத்தாரின்றி, கடன் செய்வோரின்றி, இளமையில் பகைநிலத்தில் மாண்ட ஒருவரை அவர்தம் நாட்டார் விட்டுச் சென்றனர், மணற்காட்டார் ஏற்றனர். இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல் இவ்வழிபாட்டைப் பேய்த்தொழுகை என ஒரு சொல்லில் அடக்கினார். 1849-இல் அவர் வெளியிட்ட நூலோ ஒரு சமுதாயத்தை இழிவுறுத்தியதாகக் கடும் எதிர்ப்புக்கு ஆளாயிற்று. அவர் திரட்டிய செய்திகளை ஏற்று, தீர்ப்பை விடுத்தல் தகும்.

ஏரலுக்கே உரிய சேர்மன் அருணாசல சுவாமி கோயிலைக் கூறாது இவ்வாய்வு நிறைவுறாது. ஆயின் அதனைப் பேய்வழிபாட்டோடு சேர்த்தெண்ணுதல் பெரும்பிழையாகும். 1880-இல் மேலப்புதுக்குடியில் பிறந்த அருணாசலர், 1906-இல் ஏரல் ஊர்மன்றத் தலைமைப் பதவி ஏற்று, நேர்மைக்குப் பெயர் பெற்று, மணம் புரியாது வாழ்ந்து, 1908-ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று தம் இருபத்தெட்டாம் அகவையில் மறைந்தார். மறையும் நாளைத் தாமே முன்னறிவித்து, ஆற்றங்கரை ஆலமரத்தருகே தம்மை அடக்கஞ்செய்யப் பணித்தார் எனக் கோயில் வரலாறு கூறும். இளமைச்சாவு, ஆற்றங்கரை, மரத்தடி ஆகிய மூன்றும் வாதைக்கதையின் கூறுகளே. எனினும் வாதை தோன்றவில்லை. காரணம் வெளிப்படை. இச்சாவில் எவருக்கும் குற்றமில்லை, இறந்தவர்க்கு மனக்குறையுமில்லை, கேட்ட இடத்தில், கேட்டவாறு அடக்கம் நிகழ்ந்தது. வழக்கு இல்லாத இடத்தில் பேய்க்கு வேலையில்லை. அச்சமின்றி அன்பால் மட்டும் எழுந்த வழிபாடு இது. எம் கருத்துக்கு எதிர்நிலையிலிருந்து கிடைக்கும் சான்றும் இதுவே. ஆங்கில ஆட்சி தந்த ‘சேர்மன்’ என்னும் பதவிப்பெயர் தெய்வப்பெயரின் முன்னொட்டாய் நிலைத்தமையை மொழியாய்வாளர் குறித்துக்கொள்க.

ஆற்றின் தலையில் பட்டவராயன் உறையும் சொரிமுத்தையனார் கோயிலிலும், அதன் கடைப்பகுதியில் ஏரலிலும் பெருவிழா நிகழ்வது ஒரே நாளில், ஆடி அமாவாசையில். தென்புலத்தார்க்கு நீர்க்கடன் செய்யும் நாள் அது. பிள்ளைகள் தந்தையர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் அன்று, பிள்ளையின்றி இறந்த இவ்விருவர்க்கும் ஊரே கடன் செய்கின்றது.

முதுகலை மாணவர்க்கு ஒன்று கூறவேண்டியுள்ளது. மண்பீடங்கள் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் கோபுரத்தோடு கூடிய கோயில்கள் எழுகின்றன. மாடன் சிவனின் கூறாகவும் இசக்கி உமையின் கூறாகவும் விளக்கப்படுகின்றனர். விடியவிடியப் பாடிய கதை சில நாழிகையில் முடிகின்றது. வழிபடுவோர் தம் தெய்வத்தை உயர்த்த விரும்புவதில் குறை காண்பதற்கில்லை. ஆயின் உயர்த்தும்போது முதலில் நீங்குவது அவர் இறந்த முறையே. கொலை நீங்கின், கொன்றவனும் நீங்குவான். ஆகவே களத்திற்குச் செல்வோர் கதையை மட்டும் ஒலிப்பதிவு செய்து திரும்பற்க. பீடம் எவர் நிலத்தில் நிற்கின்றது, கொடைக்கு வரி கொடுப்போர் எக்குடியினர், இறந்தவர் எக்குடியினர், கொன்றவர் வழியினர் எனக் கருதப்படுவோர் கொடையில் எவ்விடத்தில் நிற்கின்றனர், என்ன படையல், அப்படையலில் மாற்றம் எப்போது நேர்ந்தது என்பனவற்றை எழுதிக்கொள்க. பீடத்தைச் சூழ்ந்து நிற்போரிடத்து இக்கேள்விகளை மென்மையாகக் கேட்க வேண்டும். பெயரைச் சொல்லாது ‘அவர்’ என்றே சில இடங்களில் குறிப்பர். அவ்விடத்தில் வற்புறுத்தாது, உச்சிப்பொழுது கழிந்தபின் மீண்டும் சென்று கேட்பது நன்று.